கண் முந்தும், கை தொடரும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பொறுப்பேற்ற காலத்தில், பிள்ளைகளின் கையெழுத்து அவர்கள் நிரப்பும் பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றே நம்பியிருந்தேன். ஒரு பக்கம் கோணலாக இருந்தால் இன்னும் இரண்டு பக்கம்; அதுவும் சரிவரவில்லை என்றால் வீட்டுக்கு ஐந்து பக்கம். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். எழுத்துகளை இணைத்து ஒரே ஓட்டமாக எழுதும் ஆங்கிலக் கூட்டெழுத்தைக் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நம் நாட்டில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச்சுவழியாகவே அறிமுகமாகிறது. தரம் 3 இல்தான் பாடநூலோடு முறையாகத் தொடங்குகிறது. ஆகவே நான் கூட்டெழுத்தைத் தரம் 4 இல் வைத்துக்கொண்டேன். தமிழை முத்துமுத்தாக எழுதிய பிள்ளைகளே அதில் தடுமாறியது எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோது காரணம் தமிழிலேயே இருந்தது. நம் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்பவை. ஓர் எழுத்தை முடித்துப் பென்சிலைத் தூக்கி, கரும்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்கு இறங்குவது தரம் 1 இலிருந்தே கைக்குப் பழகிப்போனது. கூட்டெழுத்தோ சொல் முடியும் வரையில் பென்சிலைத் தூக்கவிடுவதில்லை. பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தையும் தனியாக எழுதிவிட்டு, பிறகு திரும்பி வந்து இடையில் வால் வரைந்து இணைத்தார்கள். கொக்கி மாட்டாத ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தில் நெருக்கி நிறுத்தியது போல் இருந்தது அந்தக் கொப்பிகளின் தோற்றம். நான் விரல்களைத் திருத்தினேன், பிடியைத் திருத்தினேன், பக்கங்களைக் கூட்டினேன், பெட்டிகள் ஓடவில்லை.

ஒரு நாள் காலையில் பாடசாலைக்கு ஏறும் வழியில் மழைக்காக ஒதுங்கி நின்றபோது, எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கவனித்தேன். அன்றாடம் காணும் காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் அவர்களுடைய கண்களைப் பார்த்தேன். இரண்டு கைகளும் கொழுந்தை ஒடித்துக்கொண்டிருக்க, ஒருவர் பார்வையும் ஒடிக்கும் விரலில் இல்லை. அது அடுத்த கொழுந்துக்குப் போயிருந்தது. கண் முன்னே சென்று இடம் காட்ட, கை பின்னால் வந்து வேலையை முடித்தது. என் வகுப்பில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. பிள்ளையின் கண் பென்சில் முனையிலேயே ஒட்டிக்கிடந்தது. பல வேளைகளில் முனைக்கும் பின்னால், எழுதி முடித்த கோணலின் மேல் வருந்திக்கொண்டிருந்தது. கண்ணும் கையும் இசையவேண்டும் என்று பயிற்சிக் காலத்தில் படித்திருந்தேன். அந்த இசைவில் எது முந்தவேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுவதை நிறுத்தினேன். சொல்லை முழுதாகப் பார்க்கவேண்டும், வாயால் சொல்லவேண்டும், காற்றில் ஒருமுறை கையை வீசி எழுதவேண்டும், அப்புறம்தான் கொப்பி. அதற்கும் முன்னால் கரும்பலகை. செங்குத்தான பரப்பில் பெரிதாக எழுதும்போது தோள் அசைகிறது, மணிக்கட்டு பின்புறமாக வளைந்து நிற்கப் பழகுகிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, குழந்தைப் பருவம் நெடுகிலும் ஒவ்வொன்றாக முற்றுகின்றன. கடைசி எலும்பு முற்றத் தொடங்கவே ஒன்பது, பத்து வயதுக்கு மேலாகலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நெல்மணி அளவில் எழுத்துக் கேட்ட என் பழைய அவசரத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அகர வரிசைப்படி கற்பிப்பதையும் கைவிட்டேன். ஆங்கிலச் சி எழுத்தின் வளைவில் தொடங்கும் ஏ, டி, ஜி, கியூ ஆகியவை ஒரு வீட்டுப் பிள்ளைகள்; அவற்றை முதலில் எடுத்தேன். மேலேறிச் சுழிக்கும் ஈ, எல் போன்றவை அடுத்தது. மேடு ஏறி இறங்கும் என், எம் கடைசியில். பி (b), டி (d) இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்து ஓரளவு கைகொடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். அதில் ஒன்று மேலேறும் சுழியில் தொடங்குகிறது, மற்றது வளைவில் தொடங்குகிறது. தொடக்கமே வேறாக இருப்பதால் கைக்குக் குழப்பம் குறைகிறது.

இந்த வளைவுகளில் சிறிதும் தடுமாறாத சிறுமி ஒருத்தி இருந்தாள். மற்றப் பாடங்களில் அவள் சுமார்தான். தைப்பொங்கலன்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அவள் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி, அறுபடாத ஒரே இழையாக, அடுத்துத் திரும்பவேண்டிய புள்ளியைக் கண் முன்கூட்டியே தேட, அவள் கை போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வகுப்புத் தரையில் வெண்கட்டியால் எல்லோருக்கும் கோலம். “பொம்பளப் புள்ளைங்க வேலை டீச்சர்” என்று பையன்கள் நெளிந்தார்கள். ஒரு வாரத்துக்குள் யார் கோலத்தில் புள்ளி அதிகம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காலை 7.30 மணிக்குப் பிள்ளைகளின் விரல்கள் விறைத்துக் கிடக்கும். அந்த நாள்களில் முதல் பத்து நிமிடம் களிமண் உருட்டுவதும் கல்லாங்காய் ஆடுவதும்தான். தூக்கிப் போட்ட கல் இறங்குவதற்குள் தரைக்கல்லை அள்ளும் கைக்குக் கண் சொல்லிக்கொடுப்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் அவ்வளவு நன்றாகச் செய்யாது. கால் தரையைத் தொடாத பிள்ளைகளுக்கு காலை ஊன்றிக்கொள்ள வாங்குக்கு அடியில் செங்கல் வைத்தோம். பென்சில் விஷயத்தில் நான் செய்தது வேடிக்கை: தேய்ந்த குட்டைப் பென்சிலோடு வருகிறார்கள் என்று பெற்றோரைக் கடிந்து புதியன வாங்கச் செய்தேன். குட்டைப் பென்சிலை உள்ளங்கையால் பற்ற முடியாது, மூன்று விரல்களால்தான் பிடிக்கமுடியும் என்பதால், பிடி பழக அதுவே நல்லது என்று பிற்பாடு புரிந்தது. வறுமை தெரியாமல் செய்த நன்மையை நான் அறிந்தே கெடுத்திருந்தேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒரு இடக்கைப் பிள்ளைக்குச் செய்தது. அவனுடைய பாட்டி வந்து, “பீச்சாங்கையால எழுதுனா படிப்பு ஏறாது டீச்சர், நீங்கதான் மாத்தி உடணும்” என்றார். நானும் இரண்டு வாரம் பென்சிலை வலக்கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான். பிறகு நானே லயத்துக்குப் போய், “பாட்டி, நீங்க கொழுந்து எடுக்கையில எந்தக் கையால எடுக்குறீங்க?” என்று கேட்டேன். “ரெண்டு கையாலயும்தான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அவனை வாங்கின் இடது ஓரத்தில் உட்காரவைத்து, கொப்பியை வலப்பக்கமாகச் சாய்த்து, எழுதியதைக் கை மறைக்காதபடி பென்சிலைச் சற்று மேலே பிடிக்கப் பழக்கினேன். மீண்டும் எழுதத் தொடங்க அவனுக்கு ஒரு பாடசாலைத் தவணை பிடித்தது.

இன்றும் என் வகுப்பில் பாதிப் பேர் எஃப் என்ற எழுத்தில் நின்றுவிடுகிறார்கள். மேல் கோடு வரையில் ஏறிக் கீழ்க் கோடு வரையில் இறங்கும் அந்த ஒற்றை எழுத்தில், போகவேண்டிய தூரம் அதிகமாக இருப்பதால் கண் கையை விட்டுவிடுகிறது. அங்கே மட்டும் பென்சிலைத் தூக்கிக்கொள்ளலாம் என்று நான் அனுமதித்திருக்கிறேன்.