மகஜரில் அந்த ஒரு பத்தி

சுங்கத் துறையில் வேலை பார்த்தேன் என்றால் பெரும்பாலோர் கைதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விமான நிலையத்தில் நாங்கள் அன்றாடம் செலுத்தியது வேறோர் அதிகாரம்: பயணியின் பொருளைக் கைப்பற்றுவது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 110ஆவது பிரிவு அதைத் தருகிறது. வாரண்ட் வேண்டாம். பொருள் பறிமுதலுக்கு உரியது என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருந்தால் போதும்.

அந்தக் காரணத்தை எழுதுவதில்தான் அக்கறை போதவில்லை. ஒரு பெண்மணி வளையல்களைக் கழற்றி மேசைமீது வைக்கிறார். நகை மதிப்பீட்டாளர் எடை போடுகிறார், சாட்சிகள் இருவர் பார்க்கிறார்கள். எடை, தரம், மதிப்பு எல்லாம் பிசகாமல் மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில், ஏறிவிடும். ஏன் எடுக்கிறோம் என்ற பத்தி மட்டும் பழைய கோப்பிலிருந்து அப்படியே வரும். இளம் அதிகாரிகளிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தீர்வை கட்ட வேண்டிய பொருள் இல்லை என்பவர்கள் போகும் கிரீன் சேனலில் வந்தாரா? கேட்டதற்கு என்ன சொன்னார்? மறைத்திருந்தாரா, அணிந்து வந்தாரா? கடத்தல் தங்கம் அல்ல என்று நிரூபிக்கும் சுமையை 123ஆவது பிரிவு பயணியின் தலையில் வைக்கிறது. ஆனால் அதிகாரி நியாயமான நம்பிக்கையோடு கைப்பற்றியிருந்தால்தான் அந்தச் சுமை அவர்மேல் இறங்கும்.

கைப்பற்றிய உடனே பொருள் அரசுக்குச் சொந்தமாகிவிடாது. ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். ஆணையர் காரணத்தைப் பதிவு செய்து இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குள்ளும் நோட்டீஸ் தராவிட்டால், பொருளை யாரிடமிருந்து எடுத்தோமோ அவரிடமே திருப்பித் தர வேண்டும். விடுப்பில் வந்த வளைகுடாத் தொழிலாளிக்கு இது எங்கே தெரியும்? நோட்டீஸ் ஊர் முகவரிக்குப் போகும்போது அவர் மறுபடி கடல் கடந்திருப்பார். அதனால் வெளிநாட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

கைது 104ஆவது பிரிவில் வருகிறது. சுங்க அதிகாரி போலீஸ்காரர் அல்லர் என்பதால் அவர் 108ஆவது பிரிவின்கீழ் பதிவு செய்யும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். அது பயங்கரமான பலம். 2025 பிப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் அல்லாவிட்டாலும் கைதுக்குரிய பாதுகாப்புகள் சுங்கத் துறையையும் கட்டுப்படுத்தும் என்றது. படித்தபோது மனம் நிறைந்தது.

கைப்பற்றுதலிலும் அதே கண்டிப்பு வர வேண்டும். பயணியிடம் தரும் மகஜர் நகலில், நோட்டீஸுக்கான கடைசித் தேதியை அவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சிட்டுத் தரலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.