கோழிக்கோடு செவன்ஸ்: பிப் சண்டை, பிரியாணி, பாழாய்ப்போன ஒரு பஸ்

முதலில் அந்த பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன். கோழிக்கோட்டிலிருந்து திரும்ப ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை நகரவே இல்லை. வேறு வழியில்லாமல் தனியார் ஸ்லீப்பர் பஸ்ஸுக்குத் தலைக்கு 1,650 ரூபாய் அழுதோம். எனக்கு மேல் பெர்த். ஏசியிலிருந்து தண்ணீர் நேராக நெற்றியில் சொட்டியது. கிளீனர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினால், பழைய பேப்பர் ஒன்றைக் கொடுத்து "இத வச்சுக்கோங்க சார்" என்று போய்விட்டார். பாலக்காடு வருவதற்குள் பேப்பர் கூழாகிவிட்டது. இந்தக் காசுக்கு மங்களூரு மெயிலில் போகவர ஸ்லீப்பர் டிக்கெட் போட்டு, பிரியாணியும் சாப்பிட்டிருக்கலாம்.

சரி, போன விஷயத்துக்கு வருகிறேன். வருஷம் முழுக்க ஆன்லைனில் ஒருத்தரை ஒருத்தர் வறுத்தெடுக்கும் கால்பந்து ரசிகர் குழுக்கள் ஒன்றாகக் கூடி ஆடும் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி அது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கமிருந்து சென்னையின் எஃப்.சி. ரசிகர்களான நாங்கள், அப்புறம் பெங்களூரு, கேரளா பிளாஸ்டர்ஸ். உள்ளூர்க்காரர்களாக கோகுலம் கேரளா ரசிகர்கள். இங்கிலாந்து கிளப்களின் பெயரில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சீ ரசிகர்கள். மொத்தம் எட்டு அணி, ஒரு டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்), ஒரு நாள். நுழைவுக் கட்டணம் அணிக்கு 3,500 ரூபாய். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லாத போட்டிக்கு இது அநியாயம்.

டர்ஃப் வாடகை மணிக்கணக்கில் ஓடும். அதனால் பாதிக்குப் பத்து நிமிஷம், டிரா ஆனால் நேராகப் பெனால்டி என்று கச்சிதமாகத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். கெடுத்தது ஜெர்சி. யுனைடெட் சிவப்பு, லிவர்பூல் சிவப்பு, ஆர்சனலும் சிவப்பு. நாங்கள் நீலம், பெங்களூரு நீலம், செல்சீயும் நீலம். இப்படி ஒரே நிறம் மோதினால் ஒரு அணி ஜெர்சிக்கு மேலே பிப் (வேறு நிறக் கையில்லாச் சட்டை) போட வேண்டும். யார் போடுவது? லிவர்பூல் கேப்டன் "யுனைடெட்டுக்காக நாங்க பிப் போடணுமா? மேட்சே வேணாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாஸ் போட்டார்கள். தோற்ற யுனைடெட் பையன்கள், அந்தப் பிப்பைத் துவைத்தே இல்லை என்று அடுத்த பஞ்சாயத்தைக் கிளப்பினார்கள். அது உண்மைதான், ஐந்தடி தள்ளியே நாறியது. இந்தக் கூத்தில் முக்கால் மணி நேரம் போய், பாதி பத்திலிருந்து ஏழு நிமிஷமாகச் சுருங்கியது. மஞ்சள் சட்டை பிளாஸ்டர்ஸ்காரர்கள் மட்டும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முதல் மேட்ச் பெங்களூருவோடு. 2018 இறுதிப்போட்டியில் அவர்கள் ஊரிலேயே அவர்களை 3-2 என்று சென்னையின் எஃப்.சி. ஜெயித்ததை ஆட்டம் தொடங்குமுன் மூன்று தடவையாவது ஞாபகப்படுத்தினோம். பெனால்டியில் ஜெயித்தும்விட்டோம். பிளாஸ்டர்ஸ் ஆட்களைப் பார்த்தால் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கப்பு எவிடே (எங்கே)?" 2014, 2016, 2022 என்று மூன்று இறுதிப்போட்டியிலும் தோற்றவர்கள் ஆயிற்றே. அவர்களிடமும் பதில் ரெடி: "உங்ககிட்ட கப்பு ரெண்டு இருக்கு மச்சானே, ஸ்டேடியத்தில் ஆளு எவிடே?" கொச்சி கலூர் மைதானத்தில் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். நானும் திறக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி பெங்களூரு - பிளாஸ்டர்ஸ் மேட்சில் வந்தது. முதல் மேட்சில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்ததால் இந்த மோதல் கிடைத்தது. 2023 மார்ச்சில் நடந்த பிளே-ஆஃப் ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவராக நிற்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை வலைக்குள் தட்டிவிட, பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. இங்கே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீகிக் கிடைத்ததுதான் தாமதம், பிளாஸ்டர்ஸ் டிஃபெண்டர் ஒருவர் ஓடிப்போய்ப் பந்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்! சுவர் ஒழுங்காக நின்று, கோல்கீப்பர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எழுந்தார். ரெஃப்ரி மஞ்சள் அட்டையை எடுத்தார், ஆனால் சிரிப்பில் அவரால் விசிலைக்கூட ஊத முடியவில்லை.

வலைக்கு வெளியே உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். மலபாரில் அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, ஆப்பிரிக்க வீரர்களைக் கூட்டி வந்து செவன்ஸ் நடத்துகிற ஊர்க்காரர்கள் இவர்கள். 2022 உலகக் கோப்பையின்போது பக்கத்துப் புல்லாவூரில் ஆற்றுக்குள்ளும் கரையிலும் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ கட்-அவுட் நட்ட மாவட்டமும் இதுதான். எங்கள் தடவலை அவர்கள் சும்மா விடுவார்களா? "பாஸ் கொடுக்கெடா!" என்று ஒரு இக்கா (அண்ணன்) கத்திக்கொண்டே இருந்தார். அரையிறுதியில் கோகுலம் ரசிகர்கள் எங்களை 4-0 என்று பிரித்து மேய்ந்தார்கள். அதில் பாதிப் பேர் சீசன் முழுக்க உள்ளூர் செவன்ஸ் ஆடுகிறவர்களாம். இதையெல்லாம் ரசிகர் அணி என்று சேர்த்துக்கொள்வது சுத்த அழுகுணி ஆட்டம். கோப்பையும் அவர்களுக்கே.

சாயங்காலம் பிளாஸ்டர்ஸ்காரர்களே பிரியாணிக்குக் கூட்டிப்போனார்கள். கைமா என்ற சின்ன அரிசி, மசாலா அடியில், சாதம் மேலே, பக்கத்தில் ஈத்தப்பழ ஊறுகாய். ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், நான் இந்தக் கட்சி. அப்புறம் சுலைமானி, அதாவது பால் சேர்க்காத டீ. அதன்பிறகு பீச்சில் உப்பிலிட்ட அன்னாசி, நெல்லிக்காய். அரிசி அடைத்துப் பொரித்த கல்லுமக்காயை (கடல் சிப்பி) மட்டும் தனியாக ஒரு பிளேட் வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் சாப்பிட்டேன்.

ஆட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளச்சேரியிலிருந்து சென்ட்ரலுக்கு ஒருவர் 500 கேட்டு, இறங்கும்போது லக்கேஜுக்கு 50 தனியாகப் பிடுங்கினார். கோழிக்கோட்டில் மீட்டர் 46 காட்டியது, 50 கொடுத்தேன். நான் இறங்கி நடந்துவிட்டேன், அந்த மனுஷன் கூப்பிட்டு நாலு ரூபாய் கொடுத்தார்.

ஆளுக்குச் செலவு ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. போக நினைப்பவர்கள் ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே, இரண்டு பக்கமும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அடுத்த போட்டியைச் சென்னையில் வைக்கலாம் என்று பீச்சிலேயே பேச்சு வந்தது. நம் ஊர் டர்ஃப் வாடகையைக் கேட்டதும் பெங்களூருக்காரர்கள் மட்டும் அசரவில்லை, அவர்கள் ஊரில் இன்னும் அதிகமாம்.