அனஹைமுக்கு ஆறு மண்டகப்படி

வரைபடச் செயலி ஐந்தே முக்கால் மணி நேரம் என்கிறது. நான் பத்து மணி நேரம் என்கிறேன். எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் மூன்று வாரமாக நடந்துவரும் வழக்கு இவ்வளவுதான். அவர் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில். நான் இருப்பது மதுரை எல்லீஸ் நகரில். வருகிற அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே போகும்போது, மகள், மாப்பிள்ளை, ஏழு வயதுப் பேத்தி, நான்கு வயதுப் பேரன் என்று ஆறு பேரும் ஒரே வண்டியில் ஏறி, பாலைவனத்தைக் கடந்து, கலிபோர்னியாவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்துக்குப் போவதாக ஏற்பாடு. தொலைவு சுமார் 600 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய், அதற்கு மேலும் 140 கிலோமீட்டர் போவதற்குச் சமம். இங்கே இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நான் கைப்பேசியின் முன் உட்கார்ந்தால், அங்கே காலை ஏழரை மணிக்கு அவர்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டே பதில் சொல்கிறார்கள்.

மகள் முதலில் கேட்டது ஜூன் மாதம். பள்ளிக்கு நீண்ட விடுமுறை என்பது அவளுடைய நியாயம். கத்திரி வெயிலைப் பார்க்காத ஊரா மதுரை என்று என் மனைவியும் அவளோடு சேர்ந்துகொண்டாள். ஆனால் ஃபீனிக்ஸில் 2023-ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது என்பதை எடுத்துச் சொன்ன பிறகு வீடு அமைதியானது. போதாததற்கு, அங்கே ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை கோடைமழைக் காலம். மழைக்கு முன்னால் சுவர்போல எழுந்து வரும் புழுதிப் புயல் நெடுஞ்சாலையை மறைத்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுவதுமாக ஒதுங்கி, வண்டியை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்று அந்த மாநிலத்தார் அறிவுறுத்துகிறார்கள். விளக்கை எரியவிட்டால்தானே பின்னால் வருகிறவனுக்குத் தெரியும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பின்னால் வருகிறவன், எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நம்பி நேராக நம்மீதே வந்து ஏறுவான் என்பது காரணம். இதைத் தாளில் எழுதி, அடிக்கோடிட்டு, வண்டியின் முன்பெட்டியில் வைக்கும்படி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே அக்டோபர் நடுவில் வரும் இடைவிடுமுறையே முடிவாயிற்று. அக்டோபர் என்றால் குளிர்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம். 2024-இல் அக்டோபர் முதல் தேதியன்றே ஃபீனிக்ஸில் 45 டிகிரி அடித்தது. இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதி வீணாக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அரிசோனாவில் மாற்றுவதில்லை என்பதைப் படித்துவிட்டு, எல்லையைக் கடக்கும்போது ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்தேன். அந்த வேறுபாடு நவம்பர் தொடக்கத்தில்தான் வருகிறது, அக்டோபரில் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரம்தான் என்று மாப்பிள்ளை மிகவும் மரியாதையாகத் தெரிவித்தார்.

நான் பத்து மணி நேரம் கேட்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு மே மாதம், வாடகை வேனில் இராமேஸ்வரம் புறப்பட்டோம். பரமக்குடியில் நிறுத்திச் சாப்பிடலாம் என்றார் ஓட்டுநர். நேரமாகிறது, இராமநாதபுரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு சொன்னவன் நான்தான். சத்திரக்குடி தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓட்டுநர் தன் துண்டை நான்காக மடித்து மூடியின்மேல் போட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, கால் திருகு திருகினார். புஸ்ஸென்று ஆவி அடித்து, துண்டே அவர் கையை விட்டு எகிறியது. சூடு தணியக் காத்திருந்து, குடிப்பதற்கென்று கொண்டுபோன இரண்டு கேன் தண்ணீரையும் அதில் ஊற்றினோம். இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. உட்கார நிழல் கிடையாது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதபோது, எங்கிருந்தோ வந்த ஒரு மூதாட்டி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்து, ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றிலிருந்து, வண்டிக்குத் தனித் தண்ணீர், வாய்க்குத் தனித் தண்ணீர் என்பது எங்கள் வீட்டில் சட்டம். பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டராவது வேண்டும் என்கிறார்கள். ஆறு பேருக்கு 24 லிட்டர். அது சாமான் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் என்று மாப்பிள்ளை முனகினார். அடைத்துக்கொள்ளட்டும்.

நேராகப் போகத்தான் சாலை என்று நினைக்கிறவர்கள் சித்திரைத் திருவிழாவைப் பார்த்ததில்லை. அழகர்கோயிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 21 கிலோமீட்டர்தான். கள்ளழகர் மாலையில் புறப்பட்டால், வழியெல்லாம் மண்டகப்படி கண்டு, மூன்றாம் நாள் விடியலில்தான் வைகையில் இறங்குகிறார். நிற்கிற இடத்திலெல்லாம் நீர்மோரும் பானகமும் கிடைக்கின்றன; யாரும் தாமதம் என்று குறைசொல்வதில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொல்லி, ஆறு மண்டகப்படி கேட்டேன். அவர் நான்கு என்றார். பேரனுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும், அவன் அம்மாச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழங்காலை நீட்ட வேண்டும் என்று நினைவூட்டிய பிறகு ஆறுக்கே இறங்கி வந்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. முதல் மண்டகப்படி, ஃபீனிக்ஸைத் தாண்டி மேற்கே உள்ள டோனோபா. அங்கே கழிப்பறை தவிர வேறு வேலை இல்லை. அதுவரை ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு வர சகுவாரோ கள்ளிகள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம் வளரும் அந்தக் கள்ளி, முதல் கிளையை விடுவதற்கே அறுபது எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுமாம். அவற்றுக்கு நடுவே புதராக நிற்கும் மெஸ்கீட் மரங்கள் நம் சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரர்கள். இராமநாதபுரம் முழுவதையும் பிடித்துக்கொண்ட அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்பதால், பங்காளி வீட்டைப் பார்க்கப் போகிறவனின் மனநிலையில் இருக்கிறேன்.

இரண்டாவது, குவார்ட்ஸைட். கலிபோர்னியாவில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால், கொலராடோ ஆற்றைத் தாண்டுமுன் இங்கே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலும், ஆற்றைத் தாண்டி பிளைத் என்ற ஊரை விட்டால் இண்டியோ வரும்வரை 150 கிலோமீட்டருக்கு மேல் ஊர் என்று சொல்லத்தக்க ஊரே இல்லை. நான் இங்கே நிற்கக் கேட்டதற்குப் பெட்ரோல் மட்டும் காரணமன்று. 1850-களில் அமெரிக்க இராணுவம் இந்தப் பாலைவனத்தில் பாரம் சுமக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றோடு 1856-இல் வந்தவர் சிரியாவைச் சேர்ந்த ஹாஜி அலி. அமெரிக்கர் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் மட்டும் அங்கேயே இருந்து 1902-இல் இறந்தார். பிரமிடு வடிவக் கல்மேடையும் உச்சியில் ஓர் ஒட்டக உருவமுமாக அவருடைய கல்லறை அந்தச் சிற்றூரில் இருக்கிறது. வெளியூருக்குப் பிழைக்கப் போய்ப் பெயரைத் தொலைத்த ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில் குறைவில்லை என்று சொன்னேன். தன் அலுவலகத்தில் தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை நினைத்தோ என்னவோ, மாப்பிள்ளை இதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது நாம் கேளாமலே வருவது. பிளைத்தில் ஆற்றைக் கடந்ததும், கலிபோர்னிய வேளாண்மைத் துறையின் சோதனைச்சாவடி. பழம், செடி ஏதேனும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் பெரிய சண்டை மூண்டது இங்கேதான். மதுரையிலிருந்து ஒரு கட்டு கறிவேப்பிலை கொண்டுபோக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அமெரிக்க விமான நிலையத்திலேயே பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை. சரி, மகள் சாண்ட்லர் வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்க்கிறாளே, அதில் நான்கு கொத்து ஒடித்து அனஹைமுக்கு எடுத்துப் போகலாம் என்றால், அதுவும் ஆகாது. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாமும் ஒரே குடும்பம். அந்த இலையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சு மரத்தையே அழிக்கும் நோயைப் பரப்புகிறது. அந்த நோய் 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டது. பிறகு அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. கலிபோர்னியாக்காரர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நாம் போகிற மாவட்டத்துக்குப் பெயரே ஆரஞ்சு; டிஸ்னிலாந்து எழுந்ததும் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கி அழித்துத்தான். “மரத்தை வெட்டினவனை விட்டுட்டு என் கறிவேப்பிலையைப் பிடிக்கிறானா?” என்று கேட்டாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. தாளித்துக் கிளறிய புளியோதரையை எவரும் தடுப்பதில்லை என்பதால், அதையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் கட்டிக்கொள்வதாக உடன்பாடு.

அந்த இட்லியைப் பிரிப்பது நான்காவது மண்டகப்படியான சிரியாகோ சம்மிட்டில். கடல்மட்டத்திலிருந்து 520 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் அது. இரண்டாம் உலகப்போரின்போது தளபதி பேட்டன் தன் டாங்கிப் படைக்கு இந்தப் பாலைவனத்தில் 1942-இல் பயிற்சி கொடுத்தார் என்பதால் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டாங்கிகளைப் பார்க்கப் பேரன் ஓடட்டும்; எனக்கு வேறொன்று பார்க்க வேண்டும். கொலராடோ ஆற்று நீரை 389 கிலோமீட்டர் கொண்டுசென்று தென்கலிபோர்னிய நகரங்களுக்குக் கொடுக்கும் கால்வாய் இந்த மலைகளின் ஓரமாகத்தான் போகிறது. அதைக் கட்டக் கூட்டுச் சேர்ந்த நகரங்களில் அனஹைமும் ஒன்று. மேற்கே கடலுக்குப் போகவிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் நம் வயல்கள் விளைகின்றன என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, இது பழக்கமான கதை. வேறுபாடு ஒன்று உண்டு: நம் தண்ணீர் சுரங்கத்தைத் தாண்டினால் தானே இறங்கி வந்துவிடுகிறது, அங்கே ஐந்து இடங்களில் இறைத்து, மொத்தம் 490 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து இண்டியோவுக்கு ஒரே இறக்கம். கடல்மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது நிலம். ஐந்தாவது அங்கே, பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவில். ஆறாவது கபசோன், கான்கிரீட்டில் கட்டிய இரண்டு பிரம்மாண்டமான டைனோசர்கள் சாலையோரம் நிற்கின்றன, பிள்ளைகளுக்கு அது போதும். இவ்விரண்டுக்கும் நடுவே, மலைகளுக்கிடையில் காற்று குழாயில் வருவதுபோல வரும் கணவாயில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தலையும் பார்த்த கண்ணுக்குப் புதிதில்லை என்றாலும், வண்டியை ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. ஓட்டப் போவது மாப்பிள்ளையும் மகளும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கலாமா என்று எனக்கும் ஆசை எழுந்தது. நாற்பது ஆண்டு இடப்பக்கம் ஓட்டிய கை அவசரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எண்ணி விட்டுவிட்டேன்.

பூங்காவைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. போகும் தேதியை முன்பதிவு செய்ய வேண்டும், நாளுக்கு நாள் நுழைவுக் கட்டணம் மாறும், வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது என்பவற்றை மகள் குறித்து வைத்திருக்கிறாள். 1955 ஜூலை 17 அன்று திறப்புவிழா நடந்தபோது, வெயிலில் புதுத் தார் இளகிச் செருப்புக் குதி புதைந்ததாம். குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால், கழிப்பறையா குடிநீரா என்ற நிலை வந்து, வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தாராம். கூட்டத்துக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் போட ஆளில்லாமல் போயிற்றே என்று இருந்தது எனக்கு.

இப்போது மிச்சமிருப்பது பேரனுடைய உயரம். அவன் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும், இருட்டுக்குள் ஓடும் ‘ஸ்பேஸ் மவுன்டன்’ வண்டியில் ஏற 102 சென்டிமீட்டர், அதாவது 40 அங்குலம் வேண்டும். மகள் சமையலறைக் கதவு நிலையில் அவனைச் சாய்த்து நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். முதல் கோடு 38 முக்கால். சென்ற வாரக் கோடு 39. நேற்று இரவு அவன் அம்மாச்சி கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கி, முட்டையும் உளுந்தங்கஞ்சியும் தவறாமல் கொடுக்கச் சொன்னதோடு நில்லாமல், புறப்படுகிற அன்று உச்சியில் ஒரு குடுமி கட்டிவிட்டால் அந்த ஓர் அங்குலம் கூடிவிடாதா என்று மெல்லக் கேட்டாள். பேரன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“அவங்க குடுமிய அமுக்கிட்டுத்தான் அளப்பாங்க, அம்மாச்சி” என்றாள் பேத்தி.