கார்டைப் பார்த்து வாங்கிய லேப்டாப்

பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்வதை வீடியோவாக எடுத்துப் போடுவது என் பொழுதுபோக்கு. போனில் எடுத்த வரைக்கும் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பே போதுமாக இருந்தது. மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன், வந்தது வினை. எடிட்டிங் மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் வைத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படத்தில் ஸ்க்ரூடிரைவர் நகராது. என் பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று அக்கா மகனிடம் யோசனை கேட்டேன். விடிய விடிய கேம் ஆடுகிறவன். "மாமா, கிராபிக்ஸ் கார்டு மட்டும் நல்லதா பாருங்க, மத்ததெல்லாம் தானா ஓடும்" என்றான். அப்படியே கார்டைப் பார்த்து ஒன்றை வாங்கினேன். கேமராவில் எடுத்ததைப் போட்டால் அதே கதை. முன்பைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திக்கியது, அவ்வளவுதான்.

எரிச்சலில் ஒருநாள் நான் எடிட் செய்யும் பிரீமியர் ப்ரோவை ஓடவிட்டு, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்திலேயே திறந்து வைத்தேன். ப்ராசசர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கிராபிக்ஸ் கார்டுக்கான பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆசை ஆசையாக வாங்கிய கார்டு கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது!

என் கேமரா எழுதும் ஃபைல் 4கே, 10 பிட், 4:2:2, எச்.265. 4:2:2 என்பது நிற விவரத்தை எவ்வளவு சேமிக்கிறது என்பதற்கான குறி; எச்.265 வீடியோவைச் சுருக்கும் முறை. இந்த எச்.265 எல்லா ஃப்ரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுசாக வைத்துவிட்டு, அடுத்தடுத்து வருவதில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். கையிருப்பை எழுதாமல் தினசரி வரவு செலவை மட்டும் எழுதிய கணக்கு நோட்டு மாதிரி: 17ஆம் தேதி கையில் எவ்வளவு என்று கேட்டால் 1ஆம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். டைம்லைனில் நான் எங்கே தொட்டாலும் லேப்டாப் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். இந்த வேலைதான் 'வீடியோ டிகோட்'; இதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் அதற்கு 4:2:2 தெரிந்திருக்க வேண்டும். இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு 11ஆம் தலைமுறையிலிருந்தும், ஆப்பிளுக்கு எம்1 முதலும் இது தெரியும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். என் லேப்டாப்பில் இருந்த கார்டுக்கும் தெரியாது, ப்ராசசருக்கும் தெரியாது. போன் வீடியோக்கள் பெரும்பாலும் நிற விவரம் இதைவிடக் குறைவான 4:2:0 என்பதால் முன்பு எனக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடுத்த முறை உஷாராகிவிட்டேன். என் கேமராவில் எடுத்த மூன்று துண்டுகளை பென் டிரைவில் போட்டுக்கொண்டு, லேப்டாப் வைத்திருக்கும் நண்பர்களை எல்லாம் தொந்தரவு செய்தேன். முதல் இடத்திலேயே அசடு வழிந்தது தனிக்கதை. பென் டிரைவிலிருந்தே நேரடியாக ஓட்டிவிட்டு, நல்ல மெஷினைப் பார்த்து "இதுவும் திக்குதே" என்று உதட்டைப் பிதுக்கினேன். திக்கியது பென் டிரைவ். ஃபைலை உள்ளே காப்பி செய்ததும் வழுக்கிக்கொண்டு போனது. என் ஃபைல் விநாடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 மெகாபைட்தான்; சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். எஸ்எஸ்டி விநாடிக்கு 7000 மெகாபைட் படிக்கும் என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து நான் மயங்குவதில்லை. இடம்தான் முக்கியம், ஒரு மணி நேரம் எடுத்தால் 90 ஜிபி போய்விடுகிறது.

முன்னோக்கி ஓடினால் மட்டும் நம்ப மாட்டேன். ஜே கீயை அழுத்திப் பின்னோக்கி ஓட்டுவேன். கூட்டல் கணக்கு நோட்டுக்கு அதுதான் உண்மையான சோதனை. அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு தரம். சில லேப்டாப்புகள் அந்த நொடியே சுருண்டுவிடுகின்றன.

கார்டின் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்குக் கொடுக்கும் மின்சாரம் 35 வாட்டாகவும் இருக்கும், 115 வாட்டாகவும் இருக்கும். பெயர் ஒன்று, உழைப்பு வேறு. ரேம் 32 ஜிபி எடுத்தேன், மெலிசான மாடல்களில் போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுவதால் பிறகு ஏற்ற முடியாது.

திரையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பழைய லேப்டாப்பின் திரை '45 சதவீதம் என்டிஎஸ்சி' ரகம், அதாவது குறைவான நிறங்களையே காட்டக்கூடியது. அதில் பித்தளைச் சக்கரங்கள் வெளிறித் தெரிந்ததால் நானும் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போவேன். வெளியிட்ட பிறகு போனில் பார்த்தால் கடிகாரம் முழுக்க மஞ்சள் குளித்தது போல இருக்கும். இப்போதிருப்பது, இணைய வீடியோக்களுக்கான வழக்கமான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியை 100 சதவீதம் காட்டுவது. பித்தளை பித்தளையாகத் தெரிகிறது.

வாங்குவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதுவரை இரவில் ப்ராக்ஸி, அதாவது எளிதில் ஓடும் சின்ன நகல், போட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் எல்லாத் துண்டுக்கும் 720பி நகல் தயாராக இருக்கும், அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டுக் கடைசியில் அசலிலிருந்து எக்ஸ்போர்ட். பொறுமை இருக்கிறவர்கள் புது லேப்டாப்பே வாங்காமல் இப்படியே ஓட்டலாம். எனக்கு இல்லை.

அந்தக் கார்டு லேப்டாப் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. கேம் அருமையாக ஓடுகிறதாம்.