உவர்நீரில் ஈயத்தை அளக்க இன்டர்னல் ஸ்டாண்டர்டு: ஓர் ஆய்வக அனுபவம்

குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, ஒரு லிட்டர் நீரில் 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம் ஈயம் வரைதான் அனுமதிக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியைப் போலக் கடல்நீர் உட்புகுந்த இடங்களின் நிலத்தடி நீரில் இவ்வளவு சிறிய அளவை, மிகச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் தனிமங்களை அயனிகளாக்கி நிறைவாரியாக எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியால் நம்பகமாகக் கண்டறியும் முறையை உருவாக்கும் பொறுப்பு எங்கள் ஆய்வகத்தில் எனக்கு வந்தது. நைட்ரிக் அமிலம் கலந்த தூய நீரில் தயாரித்த ஸ்டாண்டர்டுகளுக்கு, அதாவது ஈய அளவு தெரிந்த கரைசல்களுக்கு, செறிவையும் சிக்னலையும் இணைக்கும் காலிபிரேஷன் கோடு குறையில்லாமல் அமைந்தது. ஆனால் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயத்தைச் சேர்த்து அளந்தபோது ஏறத்தாழ ஏழுதான் திரும்பக் கிடைத்தது. சட்ட வரம்பை ஒட்டியே அளக்க வேண்டிய ஒரு பொருளில் இது சிறிய வேறுபாடு அன்று. வரம்பைத் தாண்டிய ஒரு கிணறு பாதுகாப்பானது என்று அறிக்கையில் பதிவாகிவிடும்.

காரணம் உப்புதான். சோடியமும் கால்சியமும் மிகுந்த நீர் பிளாஸ்மாவுக்குள் செல்லும்போது அவற்றின் அயனிகள் பெருந்திரளாக வந்து, நாம் தேடும் அயனிகளைக் கதிரிலிருந்து விலக்கிவிடுகின்றன. அதோடு அயனிகள் கருவிக்குள் நுழையும் நிக்கல் கூம்பின் நுண்துளையைச் சுற்றி வெண்படலமாக உப்பு படிவதால், காலையில் கிடைத்த சிக்னல் மாலையில் கிடைப்பதில்லை. இந்த இரண்டையும் ஈடுசெய்யவே, ஸ்டாண்டர்டு, ஈயம் சேர்க்காத பிளாங்க், சாம்பிள் அனைத்திலும் ஒரே செறிவில் பிஸ்மத்தைச் சேர்த்து, ஈயத்தின் சிக்னலைத் தனியாகப் பார்க்காமல் பிஸ்மத்தின் சிக்னலோடு அதற்குள்ள விகிதத்தைக் கொண்டு காலிபிரேஷன் கோட்டை வரைந்தோம். இப்படி ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் தனிமமே இன்டர்னல் ஸ்டாண்டர்டு. பிஸ்மத்தின் நிறை 209. ஈயத்தின் 206, 207, 208 ஆகிய ஐசோடோப்புகளுக்கு மிக அருகில் இருப்பதால் ஈயம் எந்த அளவுக்கு அடங்குகிறதோ ஏறக்குறைய அதே அளவுக்கு இதுவும் அடங்குகிறது. அதே கிணற்று நீரில் சேர்த்த ஈயம் இம்முறை ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பக் கிடைத்தது.

சேர்க்கும் தனிமம் சாம்பிளில் இயல்பாக இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. ஆகவே இன்டர்னல் ஸ்டாண்டர்டு எதுவும் சேர்க்காமல் எல்லா நீரையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். சிலவற்றில் பாறையிலிருந்து கரைந்த இட்ரியம் தென்பட்டதால் அதைக் கைவிட்டு, ஈயத்தோடு சேர்த்து அளந்த பிற தனிமங்களில் நடுத்தர நிறையுள்ளவற்றுக்கு ரோடியத்தையும் காட்மியத்துக்கு இண்டியத்தையும் எடுத்துக்கொண்டோம்.

அதிக உழைப்பை வாங்கியது ஆர்சனிக். நிறையில் அருகில் இருக்கிறது என்பதால் ஜெர்மானியத்தைத்தான் முதலில் இணைத்தோம். ஆனாலும் முடிவு குறைவாகவே வந்தது. ஆர்சனிக்கை அயனியாக்க 9.8 எலக்ட்ரான்வோல்ட் தேவைப்படுவதால் பிளாஸ்மாவில் அது ஏறக்குறைய பாதியளவே அயனியாகிறது; 7.9 மட்டுமே தேவைப்படும் ஜெர்மானியமோ பெரும்பகுதி அயனியாகிவிடுவதால் உப்பின் தாக்கம் இரண்டிலும் ஒத்திருப்பதில்லை. நிறையில் தொலைவில் இருந்தாலும் அயனியாக்க ஆற்றல் 9.0 ஆக உள்ள டெலூரியம் அதற்கு நல்ல இணையாக அமைந்தது. நிறையை மட்டும் பார்த்து இணை தேடும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. ஆர்சனிக்குக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆர்கானும் குளோரினும் சேர்ந்து 75 என்ற நிறையில் காட்டும் போலி ஆர்சனிக்கை எந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டாலும் நீக்க முடியாது. அதற்கு, மோதலால் அத்தகைய கூட்டு அயனிகளை வடிகட்டும் ஹீலியம் வாயு செல் வேண்டும்.

பிபெட்டால் ஒவ்வொரு குழாயிலும் சேர்ப்பதற்குப் பதிலாக, பம்பின் தனிக் குழாய் வழியே மூவழி இணைப்பில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு கலக்குமாறு அமைத்தோம். அந்த மெல்லிய குழாயில் ஒரு காற்றுக் குமிழி நகர்ந்து வந்தால் போதும், பிஸ்மத்தின் சிக்னல் சரிகிறது. ஈயத்தின் சிக்னல் அப்படியே நிற்கிறது. விகிதம் ஏறி, இல்லாத ஈயம் இருப்பதுபோல் திரையில் தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு சாம்பிளுக்கும் எல்லா இன்டர்னல் ஸ்டாண்டர்டுகளின் போக்கையும் வரைபடமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். எல்லாம் ஒரே அளவில் திடீரென விழுந்தால் முதலில் குழாயைப் பார்ப்போம். இலேசான தனிமங்கள் அதிகமாகவும் கனமானவை குறைவாகவும் விழுந்தால் உப்பின் வேலை என்று கொள்வோம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 200.8 முறை, இன்டர்னல் ஸ்டாண்டர்டு சிக்னல், தொடக்கத்தில் பிளாங்கில் கிடைத்த அளவின் 60 முதல் 125 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கிறது. உவர்நீருக்கு அது தளர்வான எல்லை என்று கருதி, 80-க்குக் கீழே இறங்கும் சாம்பிளை ஐந்து மடங்கு நீர்த்து மீண்டும் அளக்கிறோம். அந்த நீர்த்தலில் நேரும் பிழை இன்டர்னல் ஸ்டாண்டர்டு கலப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுவதால் விகிதத்தால் அதைத் திருத்த இயலாது. எனவே நீர்த்தலைக் கனஅளவில் செய்வதை விட்டு, தராசில் எடைபோட்டே செய்கிறோம்.