மடுவத்துத் தராசுக்குச் சோதனைக் கருவி தேடியபோது

இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறையைப் பதிகிற வலைச் செயலி எங்களுடையது. சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. அதனால் ஒரு பதிவு தவறினாலும் கூலியில் கை வைத்த மாதிரி. ஒருநாள் பின்னேரம் ஓர் அக்கா, "தம்பி, காலையில நிறுத்த ஆறு கிலோ எங்க?" என்று கேட்டார். தேடினேன், இல்லை. அன்றிரவே, செயலியைத் தானே திறந்து அழுத்திப் பார்க்கும் தானியங்கிச் சோதனை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது செலினியம், உலாவியைத் தானாக இயக்கும் கருவி. 2004இலிருந்து இருக்கிறது, பைதானிலேயே எழுதலாம். ஆனால் என் சோதனை ஒரு தடவை பாஸ், மறு தடவை பெயில். பொத்தான் வரும்வரை காத்திருப்பதை நாமே எழுத வேண்டும், நான் அதைச் சரியாக எழுதவில்லை. இடையிடையே இரண்டு வினாடி தூங்கச் சொன்னேன். எல்லாமே ஆமை வேகம்.

அப்புறம் சைப்ரஸ். உலாவிக்குள்ளேயே ஓடுவதால் ஒவ்வொரு படியும் கண்முன் தெரியும், புதிதாகப் பழகுபவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் கணக்கப்பிள்ளை வைத்திருப்பது ஐபோன். அதன் சபாரி உலாவியை இயக்கும் வெப்கிட்டுக்கு சைப்ரஸில் ஆதரவு பரிசோதனை நிலையில்தான் இருந்தது.

கடைசியில் பிளேரைட், 2020இல் மைக்ரோசாப்ட் வெளியிட்டது. குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் என்ற மூன்று உலாவிகளையும் இறக்க சில நூறு எம்பி போகும். மழை இரவில் எங்கள் இணைப்புக்கு அது விடியும்வரை வேலை. ஆனால் பொத்தான் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடியுமா என்று தானே பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறது. எனக்கு வேண்டிய இன்னொன்று, சிக்னல் போனால் என்னாகும் என்று பார்க்க, சோதனை நடுவிலேயே ஒரே வரியில் இணைப்பைத் துண்டிக்கலாம்.

துண்டித்தேன். சோதனையின் ஒவ்வொரு படியையும் பதிந்து வைக்கும் அதன் டிரேஸ் பதிவைத் திறந்து படிப்படியாக நகர்த்தினேன். ஆறு கிலோ, 'சேமி', கோரிக்கை தோல்வி. திரையிலோ பச்சை எழுத்தில் 'பதியப்பட்டது'! சர்வர் பதில் சொல்லுமுன்பே நாங்கள் பச்சை காட்டியிருக்கிறோம். அந்த ஆறு கிலோ போன இடம் அதுதான்.

இப்போது நிறை முதலில் போனிலேயே சேமிக்கப்பட்டு மஞ்சளாக நிற்கும். சர்வர் ஏற்றால்தான் பச்சை. ஒவ்வொரு நிறைக்கும் தனி எண் உண்டு, சிக்னல் வந்து வந்து போனாலும் இரட்டிப்பாகாது. பிளேரைட்டின் வெப்கிட் அசல் ஐபோன் சபாரி அல்ல என்பதால், வெளியிடுமுன் கணக்கப்பிள்ளையின் போனிலும் ஒரு தடவை கையால் பார்க்கிறோம்.

அந்த அக்கா பின்னேர நிறுவைக்கு வரும்போது, "காலை நிறை பச்சையாயிருச்சா தம்பி?" என்று கேட்டு, திரையைப் பார்த்துவிட்டுத்தான் கூடையை இறக்குகிறார்.