பிளஸ் டூ முடித்த நம்ம பிள்ளைகளுக்கு

உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்து ஹெலிகாப்டர் நம்ம மண்டபம் ஊருக்கு மேலே பறந்தால் பிள்ளைகள் பைலட் கனவு காண்கிறார்கள். நல்லதுதான். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் ஏர் டிராபிக் கன்ட்ரோலர் வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கு ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பதவியில் ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும். பி.இ. என்றால் ஏதாவது ஒரு செமஸ்டரில் அந்த இரண்டு பாடமும் இருக்க வேண்டும். பி.காம்., பி.சி.ஏ. சேர்ந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால் கல்லூரி விண்ணப்பம் போடும்போதே யோசியுங்கள். கணினித் தேர்வு, குரல் சோதனை, மனநலம், உடல்நலம் எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் பயிற்சி.

பைலட்டிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றதும் பயப்படாதீர்கள். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை, தெளிவுதான் முக்கியம். மதுரை ஓடுபாதையில் ஒரு முனையின் எண் 09. அதை 'ஜீரோ நைனர்' என்று சொல்வார்கள், ஒன்பது வேறு எண்ணாகக் காதில் விழக்கூடாது என்பதற்காக. பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தப்பாகச் சொன்னால் கன்ட்ரோலர் அந்த நொடியே திருத்த வேண்டும். விசைப்படகு வயர்லெஸ்ஸில் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு இது புரியும்.

வயது வரம்பு 27. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட) பிரிவினருக்கு 3 வருடம் தளர்வு உண்டு. ஆனால் மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓபிசி சான்றிதழ் வேண்டும், பள்ளிக்குக் கொடுத்த சாதிச் சான்றிதழ் செல்லாது. முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.